பிரஷ்ஷை எதில் கழுவினார்கள்? பெயின்ட் கறைக் கேள்விகளும் என் பதில்களும்

பொங்கல் முடிந்தால் போதும், எனக்கு வருகிற கேள்விகளில் பாதி பெயின்ட் கறையாகத்தான் இருக்கும். சுவருக்கு அடித்து, கிரில்லுக்கு அடித்து, மாட்டுக் கொம்பு வரைக்கும் அடித்து முடித்த பிறகுதான் உடுத்தியிருக்கும் துணியே நினைவுக்கு வரும் போல. டிரை வாஷ் கடை வைத்து 26 வருடமாகிறது, இந்த ஒரு விஷயத்தில் நான் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "பிரஷ்ஷை எதில் கழுவினீங்க?" தண்ணீரிலா, டர்பன்டைனிலா? தண்ணீரில் என்றால் எமல்ஷன் மாதிரித் தண்ணீர் பெயின்ட், டர்பன்டைனில் என்றால் எனாமல் மாதிரி எண்ணெய் பெயின்ட். அது தெரிந்தால் கறையை எதை வைத்து எடுப்பது என்பது கிட்டத்தட்ட தெரிந்துவிடும். பெயின்டரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

ஹாலுக்குப் பெயின்ட் அடிக்கும்போது என் காட்டன் சுடிதாரில் தெறித்துவிட்டது. நாலு நாளாகிறது. இரண்டு தடவை மெஷினில் போட்டும் அப்படியே இருக்கிறது. இனி போகுமா?

போகும், ஆனால் மெஷினால் போகாது. உள்சுவருக்கு இப்போது அடிப்பது பெரும்பாலும் எமல்ஷன். தண்ணீரில் பிளாஸ்டிக் பொடிமணிகள் மிதக்கிற மாதிரி ஒரு கலவை அது. ஈரமாக இருக்கும்போது குழாயடியில் பிடித்துக் கொஞ்சம் சோப்பு போட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. தண்ணீர் வற்றியதும் அந்த மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தோலாகிவிடும். அதற்கப்புறம் எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றினாலும் பிரியாது, அதனால்தான் உங்கள் மெஷின் தோற்றுப்போனது.

கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் சானிடைசர் எங்காவது கிடக்கிறதா பாருங்கள். ஜெல்லாக இருந்தால் ரொம்ப நல்லது, ஓடாமல் ஒரே இடத்தில் நிற்கும். அதில் இருக்கும் ஆல்கஹால்தான் அந்தத் தோலை இளக்கும். முதலில் சுடிதாரின் உள்பக்கத் தையல் மடிப்பில் ஒரு சொட்டு வைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். துணியின் சாயம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வரவில்லை என்றால் கறைமேல் தாராளமாகத் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். பெயின்ட் உப்பிக்கொண்டு ரப்பர் மாதிரி ஆகும், அப்போது பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் ஒரே திசையில் சுரண்டினால் சுருண்டு சுருண்டு வரும். நூலிழைக்குள் உட்கார்ந்திருப்பதைப் பழைய டூத் பிரஷ்ஷும் பாத்திரம் துலக்கும் லிக்விடும் வைத்து மெதுவாகத் தேயுங்கள். ஒரே தடவையில் போகாது, மூன்று நான்கு தடவை ஆகும். ஊசியால் குத்தி எடுக்க மட்டும் போகாதீர்கள், அப்படி வந்த துணிகளில் பெயின்ட் போயிருக்கும், கூடவே துணியும் போயிருக்கும். முழுக்கப் போகும்வரை இஸ்திரியும் போட வேண்டாம், சூடு பட்டால் இன்னும் இறுகும்.

மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு அடித்த சிவப்பு பெயின்ட், காய்வதற்குள் மாடு உரசி வேட்டியில் ஒரு சாண் நீளத்துக்கு அப்பிவிட்டது. ஒரு வாரம் ஆகிறது, துவைக்கவில்லை.

துவைக்காமல் வைத்திருந்தீர்களே, அதுவே பாதி வெற்றி. கொம்புக்கு அடிப்பது எனாமல். இது காய்வதில் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டத்தில் உள்ளே இருக்கும் தின்னர் ஆவியாகும், தொட்டால் ஒட்டாது, நாம் காய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் அதற்கப்புறம்தான் அதிலுள்ள எண்ணெய்ப் பிசின் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு நாளுக்கு நாள் இறுகும். ஒரு வாரக் கறை பெரும்பாலும் மசியும். அடுத்த பொங்கலுக்கு எடுத்துக்கொண்டு வந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவேன்.

ஹார்டுவேர் கடையில் டர்பன்டைன் என்று கேட்டு வாங்குங்கள். வேலையை வாசலிலோ மொட்டை மாடியிலோ வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் கூடாது. ஒரு பழைய வெள்ளைத் துணியை நாலாக மடித்துக் கீழே போட்டு, வேட்டியின் கறைபட்ட முகம் அதன்மேல் படும்படி கவிழ்த்துப் போடுங்கள். மேலே தெரிவது வேட்டியின் பின்பக்கம். அங்கிருந்து பஞ்சில் டர்பன்டைன் நனைத்து ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. சிவப்பு கீழ்த்துணிக்கு இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இறங்க இறங்கக் கீழ்த்துணியை நகர்த்திக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் இறங்கியது மறுபடி ஏறும். எல்லோரும் முன்பக்கமிருந்து அழுத்தித் தேய்த்துக் கறையைத் துணிக்குள் ஏற்றிவிட்டுத்தான் கடைக்கு வருகிறார்கள். வெளி விளிம்பில் தொடங்கி நடுவுக்கு வாருங்கள், கறை கரைப்பக்கம் பரவாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சில கரைகளின் ஜரிகை டர்பன்டைனுக்கு மங்கிப்போகும்.

கீழ்த்துணியில் நிறம் இறங்குவது நின்றபின் அவசரப்பட்டுத் தண்ணீரில் போடாதீர்கள். முதலில் பாத்திர லிக்விடைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அந்த இடத்தில் தேய்த்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, அப்புறம்தான் வெதுவெதுப்பான தண்ணீர். இந்தப் படியைத் தாண்டினால் கறை போன இடத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு எண்ணெய் வளையம் நிற்கும். கையால் அலசி, வாடை போகும்வரை வெளியே காயவிட்ட பிறகுதான் மெஷின். டர்பன்டைன் ஈரத்தோடு மெஷினுக்குள் போட்டால் தீப்பிடிக்கிற ஆபத்து உண்டு.

பெட்ரோல் போட்டுத் துடைத்தால் போகும் என்கிறார்களே?

வேண்டாம். டர்பன்டைன் செய்யாத எதையும் பெட்ரோல் செய்யப்போவதில்லை, ஒரு பொறி போதும் வீடு போய்விடும்.

நாலாம் வகுப்புப் பையனின் வெள்ளை யூனிஃபார்ம் சட்டையில் நீல பெயின்ட். ப்ளீச்சில் ஊறவைத்தேன், சட்டை இன்னும் வெளுத்தது, நீலம் அப்படியே இருக்கிறது.

அப்படித்தான் இருக்கும். ப்ளீச் சாயத்தை வெளுக்கும். பெயின்ட் நீலம் கரையாத நிறமிப் பொடி, அது பசைக்குள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, ப்ளீச் அதைச் சட்டையே செய்யாது. மேலும் ஊறவைத்தால் சட்டைதான் நைந்துபோகும்.

பையனின் பையில் டியூபையோ டப்பாவையோ தேடிப் பாருங்கள். போஸ்டர் கலர் என்றிருந்தால் கவலையே இல்லை, பசையும் தண்ணீரில் கரைவதுதான், பச்சைத் தண்ணீரும் சோப்புக்கட்டியும் போதும், லேசான சாயல் தங்கினால் இரண்டு மூன்று துவைப்பில் போய்விடும். அக்ரிலிக் என்றால் மேலே சுடிதாருக்குச் சொன்ன சானிடைசர் வைத்தியம். ஃபேப்ரிக் பெயின்ட் என்றிருந்தால், துணியிலிருந்து போகக் கூடாது என்றே செய்யப்பட்ட பொருள் அது. அன்றைக்கே தண்ணீரில் பிடித்திருந்தால் உண்டு, இஸ்திரி போட்டாகிவிட்டது என்றால் விட்டுவிடுங்கள். பாக்கெட் பக்கமென்றால் பேட்ஜ் குத்தி இந்த வருடத்தை ஓட்டிவிடலாம்.

கிரகப்பிரவேசத்தன்று நிலைவாசலில் சாய்ந்துவிட்டேன். கல்யாணப் பட்டுப்புடவை. முந்தியில் கையகலம் பிரவுன் பெயின்ட். என்ன செய்வதென்றே தெரியவில்லை, அழுகையாக வருகிறது.

அம்மா, ஒன்றும் செய்யாதீர்கள். சும்மா சொல்லவில்லை, பட்டில் பெயின்டைவிடப் பெயின்டை எடுக்கப் போன கைதான் அதிகம் கெடுத்திருக்கிறது. தண்ணீர் தெளித்தால் தண்ணீரே திட்டாக நிற்கும், தேய்த்தால் இழை மழுங்கி அந்த இடத்தின் மினுமினுப்பு போய்விடும், ப்ளீச் பட்டால் பட்டு மஞ்சளித்து இற்றுப்போகும். ஈரம் இருந்தால் டிஷ்யூ பேப்பரை வைத்து ஒற்றி மட்டும் எடுங்கள். கறைக்கு மேலும் கீழும் வெள்ளைப் பருத்தித் துணி வைத்து, மற்ற இடத்தில் ஒட்டாதபடி தளர்வாக மடித்து, நாளைக் கடத்தாமல் பட்டு பார்க்கத் தெரிந்த டிரை வாஷ் கடைக்குக் கொண்டுபோங்கள். என்ன பெயின்ட், எப்போது பட்டது, வீட்டில் என்ன தடவினீர்கள், மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். தடவியதைத்தான் எல்லோரும் மறைப்பார்கள், எங்களுக்கு அதுதான் ரொம்பத் தேவை.

நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்றால், கடை வைத்த மூன்றாம் வருடம் ஒரு வேலை செய்தேன். பட்டு மாதிரியே மின்னுகிற லைனிங் வைத்த ரவிக்கை, அதில் பொட்டளவு பெயின்ட். நகப்பூச்சு எடுக்கிற அசிட்டோனை ஒரு சொட்டு வைத்தேன். பஞ்சை எடுத்துப் பார்த்தால் பெயின்டும் இல்லை, அந்த இடத்தில் துணியும் இல்லை, விரல் நுழைகிற ஓட்டை. அந்த லைனிங் அசிடேட் துணி. அசிட்டோன் பட்டால் தண்ணீரில் சர்க்கரை மாதிரி கரைந்துவிடும் என்பதை அன்றைக்குத்தான் என் காசில் கற்றுக்கொண்டேன். இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவிப் பற்றவைத்துப் பார்த்துவிடுவேன். முடி கருகிய வாடையும் கையில் நொறுங்குகிற சாம்பலும் என்றால் பட்டு, வினிகர் மாதிரிப் புளித்த வாடையும் கடினமான உருண்டையும் என்றால் அசிடேட்.

ஊரில் அப்பா வீட்டுக்கு அவரே சுண்ணாம்பு அடித்தார். வேட்டி முழுக்க வெள்ளைப் பொட்டு, அதில் நீலம் வேறு கலந்திருக்கிறது.

இந்தப் பட்டியலிலேயே எளிதான கேள்வி இது, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். காய்ந்த சுண்ணாம்பை முதலில் உதறி, பிரஷ்ஷால் தட்டுங்கள், பாதி உதிர்ந்துவிடும். மிச்சத்துக்கு எலுமிச்சம்பழச் சாறோ, பாதித் தண்ணீர் கலந்த வினிகரோ போதும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாகிறது, புளிப்பு பட்டதும் அந்த வாயு திரும்ப வெளியேறும், பொசபொசவென்று நுரைக்கும். சுண்ணாம்பில் கலக்கிற நீலப்பொடி அல்ட்ராமரைன் வகையாக இருந்தால் அதுவும் புளிப்புக்கு நிறம் இழந்துவிடும். லேசாக அழுகின முட்டை வாடை வரும், பயப்படாதீர்கள். நுரை நின்றதும் நன்றாக அலசிவிட்டுச் சோப்பு போடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, எலுமிச்சையோ வினிகரோ போட்ட துணியில் அதோடு ப்ளீச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். அப்புறம், பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சுண்ணாம்பு அடிக்க யாரும் போக மாட்டார்கள்தான், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன், சுண்ணாம்புக் காரம் பட்டை அரித்துவிடும்.

கிரில்லுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு காக்கி பேன்ட்டில். டர்பன்டைன் போட்டேன், கெட்டி போய்விட்டது, செங்கல் நிறம் மட்டும் தங்கிவிட்டது.

கெட்டியாக இருந்தது பிசின், அதை டர்பன்டைன் எடுத்துவிட்டது. தங்கியிருப்பது இரும்புத் துருவின் குடும்பத்தைச் சேர்ந்த பொடி, அதற்குக் கரைகிற பழக்கமே கிடையாது. பாத்திர லிக்விட் போட்டு, பின்பக்கமிருந்து குழாயை வேகமாகத் திறந்துவிட்டுப் பொடியைத் தள்ளிப் பாருங்கள், நாலைந்து துவைப்பில் மங்கும். துருக்கறைக்கு ஆக்சாலிக் ஆசிட் உண்டு, ஆனால் அது விஷம், காக்கிச் சாயத்தையும் சேர்த்து இழுத்துவிடலாம். வேலைக்குப் போடுகிற பேன்ட்தானே, அப்படியே போட்டுக்கொள்ளுங்கள் என்பேன்.

கையிலும் தலைமுடியிலும் பட்ட எனாமலுக்கு டர்பன்டைன் போடலாமா?

தேங்காய் எண்ணெய் போடுங்கள். காய்வதற்கு முன்னால் என்றால் எண்ணெயை நன்றாகத் தேய்த்துத் துணியால் துடைத்து, அப்புறம் சோப்பு. தோலுக்கு டர்பன்டைன் ஆகாது.

என் வீட்டுக்காரர் பெயின்டர். அவர் வேலைச் சட்டையைக் குழந்தை துணியோடு சேர்த்துத் துவைக்கலாமா?

காய்ந்த பெயின்ட் அடுத்த துணியில் ஒட்டாது, அந்தப் பயம் வேண்டாம். என் கவலை வேறு. பழைய வீடுகளில் புது பெயின்ட் அடிக்கும் முன் பழையதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். அந்தத் தூசி முழுக்கச் சட்டையில்தான் இருக்கும். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன்னால் அடித்த எனாமலில் ஈயம் எவ்வளவு இருந்தது என்று சுவரைப் பார்த்துச் சொல்ல முடியாது, சின்னக் குழந்தைகளின் மூளைக்கு ஈயம் ரொம்பக் கெடுதல். அதனால் அவர் துணியை வீட்டுக்குள் உதறாமல் நேராகத் தனி வாளியில் நனைத்துத் தனியாகத் துவையுங்கள். சாயங்காலம் வந்ததும் குழந்தை ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும், தூக்கத்தான் தோன்றும். சட்டையைக் கழற்றி, கைகால் முகம் கழுவிவிட்டுத் தூக்கச் சொல்லுங்கள்.