நடுவில் முறியும் விண்கலத்துக்கு என்ன வழி?

கேள்வி: கொட்டகலையில் தரம் 9 மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். பாடசாலைக் கண்காட்சி ஒன்றுக்காக, "2001: எ ஸ்பேஸ் ஒடிசி" திரைப்படத்தில் வரும் டிஸ்கவரி விண்கலத்தைப் பிள்ளைகள் லெகோ கட்டைகளால் கட்டுகிறார்கள். கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய ஒரு பெட்டி கட்டைகளும் ஹட்டன் கடையில் வாங்கிய மலிவான கட்டைகளும் கலந்திருக்கின்றன. கலத்தின் நீளம் ஒரு மீற்றர். தூக்கினால் நடுவில் முறிகிறது. முன்பக்கக் கோளம் பெட்டி போலவே வருகிறது. வெள்ளைக் கட்டைகளும் போதவில்லை. இதைக் கண்டிக்கு பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். படத்தின் பெயரை எழுதி வைக்கலாமா என்பதும் தெரியவில்லை.

பதில்: அன்பின் ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் பிள்ளைகள் கட்டுவதற்கு மிகக் கடினமான கலங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். முன்னால் பாரமான உருண்டை, பின்னால் பாரமான இயந்திரப் பகுதி, இரண்டையும் இணைக்க ஒரு மெலிந்த நீண்ட தண்டு. எடை முழுவதும் இரு முனைகளில் இருக்கிறது. பலமோ நடுவில் தேவைப்படுகிறது. 1968இல் வெளியான அந்தப் படத்துக்காகச் செய்த பெரிய மாதிரி 54 அடி நீளம் கொண்டது. அதைப் படம்பிடித்தபோது மாதிரியை அசையாமல் நிறுத்திவைத்து, கமராவைத்தான் நகர்த்தினார்கள். நீங்களும் இதைத் தூக்கிக் காட்டும் பொருளாக நினைக்காதீர்கள். தாங்கிகளின் மீது நிற்கும் பொருளாகத் திட்டமிடுங்கள்.

தாங்கியை நடுவில் ஒன்றாக வைப்பதுதான் பலரும் செய்வது. அப்படி வைத்தால் இரு முனைகளும் கீழே இழுக்க, தண்டின் மேற்பக்க மூட்டுகள் வாய் பிளக்கும். இரண்டு தாங்கிகள் வையுங்கள்: ஒன்று கோளத்துக்குச் சற்றுப் பின்னால், மற்றது இயந்திரப் பகுதிக்கு நேர் கீழே. தண்டு தன் எடையை மட்டும் சுமந்தால் போதும் என்றாகிவிடும். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

மீதிப் பாதி தண்டைக் கட்டும் முறையில் இருக்கிறது. மேலே குமிழ், உள்ளே குழாய் என்ற இன்றைய அமைப்புக்கு லெகோ நிறுவனம் 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அந்தப் பிடிமானம் பக்கவாட்டில் நகர்த்தும் விசையை நன்றாகத் தாங்கும். குமிழின் திசையிலேயே இழுத்தால் கழன்றுவிடும். குமிழ்கள் மேலே பார்க்கும்படி கட்டிய தண்டு வளையும்போது மூட்டுகள் இப்படித்தான் கழல்கின்றன. ஆகவே தண்டை அப்படியே பக்கவாட்டில் புரட்டிக் கட்டுங்கள். குமிழ்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ பார்க்கட்டும். பிளேட் எனப்படும் மெல்லிய துண்டுகள் அப்போது நிமிர்ந்து நிற்கும், எடையும் அவற்றின் அகலத்தின் வழியாக இறங்கும். ஓர் அடிமட்டத்தைப் படுக்கவைத்தும் நிமிர்த்தியும் வளைத்துப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகளுக்குக் காரணம் உடனே விளங்கும்.

அளவு இதுதான்: இரண்டு குமிழ் அகலமுள்ள பிளேட்டுகளை ஐந்து அடுக்காகச் சேருங்கள். ஒரு குமிழின் இடைவெளி 8 மில்லிமீற்றர், ஒரு பிளேட்டின் தடிப்பு 3.2 மில்லிமீற்றர். எனவே அகலமும் 16, தடிப்பும் 16, சரியான சதுரம். கிடைக்கும் பிளேட்டுகளில் மிக நீளமானவற்றை இதற்கு ஒதுக்குங்கள். ஓர் அடுக்கின் மூட்டுக்கு நேரே அடுத்த அடுக்கின் மூட்டு வரவே கூடாது. கடையில் வாங்கிய மலிவான கட்டைகளைத் தண்டில் சேர்க்க வேண்டாம். அவற்றின் பிடிமானம் துண்டுக்குத் துண்டு மாறும். ஒரு தளர்ந்த துண்டு போதும், முழுத் தண்டும் அந்த இடத்தில் தொய்ந்துவிடும். பசையும் வேண்டாம். அடுத்த ஆண்டு வேறு பிள்ளைகள் அதே கட்டைகளால் வேறொன்றைக் கட்ட வேண்டும் அல்லவா?

இனிக் கோளம். கலத்தின் நீளத்தை முதலில் முடிவுசெய்யாதீர்கள். கோளத்தைக் கட்டி முடித்து, படத்தின் பக்கவாட்டுக் காட்சி ஒன்றில் கோளத்தின் விட்டம் மொத்த நீளத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று அளந்து, அதற்கேற்பத் தண்டின் நீளத்தை அமையுங்கள். ஒரு மீற்றர்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டால் கலம் பார்வைக்குச் சரியாக வரும்.

கோளம் பெட்டியாகத் தெரிவதற்குக் காரணம், எல்லாக் குமிழ்களும் மேலேயே பார்ப்பது. நடுவில் ஒரு கனசதுரக் கரு, அதன் ஆறு முகங்களிலும் வெளிநோக்கிய ஆறு கவிகைகள், அதாவது குவிந்த மூடிகள், என்று கட்ட வேண்டும். ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீற்றர், ஐந்து கட்டைகள் அடுக்கினால் 48. ஆறு குமிழ் அகலமும் 48. ஆகவே ஆறு குமிழ் சதுரத்தில் ஐந்து கட்டை உயரமாகக் கட்டினால் கரு பிசகில்லாத கனசதுரமாக அமையும். பக்கத்திலும் குமிழ் உள்ள சிறப்புக் கட்டைகள் நான்கு பக்கச் சுவர்களுக்கு மட்டுமே தேவை. மேல் கவிகை வழக்கம்போல் பொருந்தும். கீழ்க் கவிகையின் மேல் குமிழ்கள் கருவின் அடியில் தாமாகப் பிடித்துக்கொள்ளும்.

ஒவ்வொரு முகத்திலும் ஏழு பிளேட் உயரத்துக்குக் கவிகை வைத்தால் கோளத்தின் விட்டம் ஏறத்தாழ 93 மில்லிமீற்றர். எந்த அடுக்கு எவ்வளவு அகலம் என்பதைப் பைதகரஸ் சொல்லிவிடுவார். மையத்திலிருந்து 40 மில்லிமீற்றர் தொலைவில் உள்ள அடுக்கை எடுங்கள்: 46இன் வர்க்கத்திலிருந்து 40இன் வர்க்கத்தைக் கழித்தால் 516, அதன் வர்க்கமூலம் 22.7, இரட்டித்தால் 45 மில்லிமீற்றர். ஆறு குமிழ் அகலம் 48 என்பதால் இடிக்கும், ஐந்துதான் வைக்கலாம். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே கரும்பலகையில் போடட்டும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கருவைக் கட்டும்போதே நடுவில் ஒரு துளை விடுங்கள்: இரண்டு குமிழ் அகலம், ஐந்து பிளேட் உயரம். கருவின் மொத்த உயரம் 15 பிளேட். கீழே ஐந்து, துளைக்கு ஐந்து, மேலே ஐந்து. தண்டின் 16 மில்லிமீற்றர் சதுர முனை அதற்குள் அளவாக நுழையும். பின்பக்கக் கவிகையிலும் அதே துளையைத் தொடருங்கள். குறைந்தது நான்கு குமிழ் ஆழமாவது தண்டு உள்ளே போகட்டும். பயணத்தின்போது உருவி எடுக்கலாம், மண்டபத்தில் திரும்பச் சொருகலாம்.

வெள்ளைப் பற்றாக்குறை பெரிய பிரச்சினை அல்ல. கருவும் தண்டின் உள் அடுக்குகளும் எந்த நிறத்திலும் இருக்கலாம். மலிவான கட்டைகளுக்கும் கருவின் உட்புறமே இடம். இருக்கும் வெள்ளையைக் கோளத்தின் மேற்பரப்புக்கு ஒதுக்கிவிட்டு, தண்டுக்கும் இயந்திரப் பகுதிக்கும் வெளிர் சாம்பலைப் பயன்படுத்துங்கள். பெயின்ட் பூசாதீர்கள். லெகோ நிறுவனத்தின் கட்டைகள் மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான துல்லியத்தில் வார்க்கப்பட்டவை. பெயின்டின் தடிப்பே பொருத்தத்தைக் கெடுத்துவிடும். கோளத்தின் முகப்பில் சிறு ஓடங்கள் வெளியேறும் மூன்று கதவுகளையும் தண்டின் மேல் அலைவாங்கித் தட்டுகளையும் மறக்க வேண்டாம். இறக்கை வைக்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். சம்மதிக்காதீர்கள்! கலத்தை வடிவமைத்தபோது வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளைச் சேர்க்க எண்ணி, இறக்கை என்று பார்ப்பவர்கள் தவறாக நினைப்பார்கள் என்பதற்காகவே அவற்றை நீக்கினார்கள். காற்றில்லாத வெளியில் இறக்கைக்கு என்ன வேலை என்று கேட்க நல்ல வாய்ப்பு.

பயணத்துக்குக் கோளம், தண்டு, இயந்திரம் என்று மூன்றாகப் பிரித்து, தனித்தனிப் பெட்டிகளில் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்து வையுங்கள். கினிகத்தேனை வழியாக இறங்கும் வீதியின் வளைவுகளை நீங்கள் அறிவீர்கள். பெட்டிகள் பஸ்ஸின் மேல்தட்டில் போகக் கூடாது, மடியில் போகட்டும். கண்காட்சி முடிந்ததும் ஈரம் உறிஞ்சிய அட்டைப்பெட்டியில் கட்டைகளைப் போடாதீர்கள். நம் பக்கத்து மூடுபனிக் காலத்தில் அட்டையில் பூஞ்சணம் பிடித்துக் கட்டைக்கும் வரும். வந்துவிட்டால் 40 பாகை செல்சியசுக்கு மேற்படாத நீரில் சவர்க்காரம் இட்டுக் கழுவி, குழாய்ப் பக்கம் கீழே இருக்கும்படி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வெள்ளை மஞ்சளாகும்.

பெயரைப் பற்றி: பாடசாலைக் கண்காட்சியில் படத்தின் பெயரைச் சொல்லி, மாணவர்கள் தாங்களே வடிவமைத்த மாதிரி என்று எழுதி வைப்பதில் கவலைப்பட எதுவும் இல்லை. லெகோ நிறுவனத்தின் சின்னத்தை மட்டும் அட்டையில் அச்சிடாதீர்கள். நிறுவனமே செய்தது போலத் தோன்றும். அதே அட்டையில் ஆர்தர் சி. கிளார்க்கையும் சேருங்கள். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்குடன் இப்படத்தின் திரைக்கதையை எழுதிய அவர் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் மறையும் வரை இங்கேயே வாழ்ந்தார். 1979இல் வெளியான நாவல் ஒன்றில், நம் சிவனொளிபாதமலையை ஒத்த ஒரு சிகரத்திலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி அமைப்பதாகக் கற்பனை செய்தவரும் அவரே. பார்க்க வரும் பெற்றோர் இதைப் படிக்க நிற்பார்கள்.

மாதிரியையோ அதன் செய்முறைத் தாளையோ படத்தின் பெயரில் விற்க நினைத்தால் மட்டும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். ரசிகர்களின் வடிவங்களை லெகோ நிறுவனமே ஏற்கும் வழியும் உண்டு: அதன் ஐடியாஸ் தளத்தில் ஒரு வடிவத்துக்கு 10,000 பேரின் ஆதரவு கிடைத்தால் நிறுவனம் அதைப் பரிசீலனைக்கு எடுக்கும். கண்காட்சி முடிந்த பின் பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்.