மாட்ரிட் ரயில்களும் போரிக் பவுடரும் – கடிதம்

அன்புள்ள சார்,

வேலை நிமித்தம் மாட்ரிட் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தினமும் அல்காலா தெ எனாரெஸில் ரயில் ஏறி அத்தோச்சாவில் இறங்குகிறேன். 2004 மார்ச் 11 அன்று புறநகர் ரயில்களில் வரிசையாகக் குண்டு வெடித்தது இதே தடத்தில்தான் என்பதே இங்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

போன மாதம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது பேச்சு அதன் பக்கம் திரும்பியது. ஐம்பதைத் தாண்டிய ஒருவர், படித்தவர், நிதானமானவர், "அதைச் செய்தது யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது" என்றார். எதிரில் இருந்த பெண் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். வெடிக்காத குண்டுப்பை பிற்பாடு கொண்டுவந்து வைக்கப்பட்டது, ரயில் பெட்டிகளைச் சில நாட்களிலேயே உடைத்துப் போட்டுவிட்டார்கள், பாஸ்க் பிரிவினைவாத அமைப்பான எட்டாவின் பங்கை மறைத்தார்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். திட்டம் போட்ட தலைவன் யாரென்று நீதிமன்றமே சொல்லவில்லையாம். தலை சுற்றுகிறது.

அரசு சொல்வதை அப்படியே நம்பாதே என்று நீங்கள் பலமுறை எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நாம் நிற்கவேண்டியது இந்தச் சந்தேகக்காரர்கள் பக்கம்தானே?

பி.கு. ரெட்டிரோ பூங்காவில் இறந்தவர்களுக்காக ஒரு நினைவு வனம் இருக்கிறது. மரங்கள் 192. நீதிமன்றத் தீர்ப்பின்படி இறந்தவர்கள் 191. இதையும் மர்மக் கணக்கில் சேர்க்கலாமா?

ச., மாட்ரிட்

*

அன்புள்ள ச.,

உங்கள் பின்குறிப்புக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு மட்டும்தான் என்னிடம் ஒரே வரியில் பதில் இருக்கிறது.

நான் அரசை நம்பாதவன் என்பது சரி. மாட்ரிட்டிலும் அரசு பொய் சொன்னது. ஆனால் எந்த அரசு, எந்தப் பொய் என்று பார்க்கவேண்டும். உங்கள் அலுவலக நண்பர் இன்று சொல்லும் சந்தேகமும் அந்த அரசாங்கப் பொய்யும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அன்று காலை எட்டரை மணிக்கு ஸ்பெயினில் யாரைக் கேட்டிருந்தாலும் எட்டா என்றுதான் சொல்லியிருப்பார்கள். பாஸ்க் மாநில முதல்வரே காலையில் எட்டாவைக் கண்டித்துப் பேசினார். முந்தைய கிறிஸ்துமஸ் சமயத்தில் மாட்ரிட் ரயில் ஒன்றில் குண்டு வைக்க முயன்று எட்டா ஆட்கள் பிடிபட்டிருந்தார்கள். பிப்ரவரி 29 அன்று 500 கிலோவுக்கு மேல் வெடிபொருளுடன் மாட்ரிட்டை நோக்கி வந்த எட்டாவின் வேன் வழியில் மடக்கப்பட்டிருந்தது. ஆகவே முதலில் தப்பாக நினைத்ததை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். பொய் தொடங்கியது மத்தியானத்துக்கு மேல்.

அல்காலா நிலையத்தின் அருகே, நீங்கள் ரயில் ஏறும் அதே ஊரில், ஒரு வெள்ளை ரெனோ காங்கூ வேன் கிடைத்தது. உள்ளே ஏழு டெட்டனேட்டர்களும் குர்ஆன் ஓதும் ஒரு கேசட்டும் இருந்தன. அன்று பிரதமர் ஆஸ்னார் பத்திரிகை ஆசிரியர்களைத் தானே தொலைபேசியில் அழைத்து எட்டாதான் என்றார். வெளியுறவு அமைச்சர், எல்லாத் தூதர்களும் அதையே சொல்லவேண்டும் என்று தந்தி அனுப்பினார். ஐ.நா. பாதுகாப்பு சபை அன்றே நிறைவேற்றிய 1530ஆம் தீர்மானத்தில் எட்டாவின் பெயரே எழுதப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை தேர்தல். எட்டா என்றால் ஆளுங்கட்சிக்கு ஓட்டு. இஸ்லாமியத் தீவிரவாதிகள் என்றால், மக்கள் எதிர்த்தும் கேளாமல் ஈராக் போரை ஆதரித்த பாவம் தலையில் விழும். கணக்கு அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அதிகாலை, குண்டு வெடித்த இடங்களில் ஒன்றான எல் போசோ நிலையத்திலிருந்து அள்ளிவந்த பயணிகளின் உடைமைகளுக்கு நடுவே, வயேகாஸ் காவல்நிலையத்தில் ஒரு பை திறக்கப்பட்டது. பத்து கிலோ டைனமைட், ஆணிகள், ஒரு செல்போன். வயர் இணைப்பு விட்டுப்போனதால் அது வெடிக்கவில்லை. அந்த போனின் சிம் கார்டைப் பின்தொடர்ந்து போலீஸ் லாவாபியெஸ் பகுதியிலிருந்த ஒரு போன் கடைக்குப் போனது. சனிக்கிழமை மதியம் ஐந்து பேர் கைது. மூவர் மொராக்கோக்காரர்கள். மற்ற இருவர் இந்தியர்கள் என்பது நம்மூரில் பலருக்குத் தெரியாது. போனும் கார்டும் விற்ற வியாபாரிகள், பிறகு விடுவிக்கப்பட்டார்கள்.

வெள்ளி மாலை மழையில் நனைந்தபடி நாடு முழுக்க ஒரு கோடிக்கு மேல் ஜனம் தெருவில் நின்றது. அந்த ஊர்வலத்திலேயே ஒரு குரல் கிளம்பிவிட்டது: "யார் செய்தது?" மறுநாள் அது ஆளுங்கட்சி அலுவலக வாசலுக்கே வந்தது. செல்போனில் செல்போனாகக் கடத்திய குறுஞ்செய்தியில் கூடிய கூட்டம். ஞாயிறன்று சோஷலிஸ்டுகள் வென்றார்கள், சப்பாத்தெரோ பிரதமரானார்.

யோசித்துப் பாருங்கள். அரசின் அதிகாரபூர்வக் கதையைப் பொதுமக்கள் மூன்றே நாளில் உடைத்துப் போட்ட சம்பவம் இது. அவநம்பிக்கை தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. உங்கள் நண்பரின் சந்தேகம் அதற்குப் பிறகு பிறந்தது. தோற்ற தரப்புக்கு, நாங்கள் அன்று சொன்னது பொய்யில்லை என்று காட்டவேண்டிய அவசியம் வந்தது. எட்டா எப்படியாவது இதற்குள் வந்தாகவேண்டும்.

எல் முண்டோ நாளிதழும், கத்தோலிக்க ஆயர்களின் கோப்பே வானொலியும் வருடக்கணக்கில் இதையே ஓட்டின. ஆஸ்னாரும் நாடாளுமன்ற விசாரணைக்குழு முன் வந்து, இதைத் திட்டமிட்டவர்கள் தூரத்துப் பாலைவனங்களிலோ மலைகளிலோ இல்லை என்று பூடகமாகச் சொல்லிவிட்டுப் போனார். யார் என்று சொல்லவில்லை. இந்தத் தரப்பின் முழு சாமர்த்தியமும் அந்த 'சொல்லாமல் விடுவதில்'தான் இருந்தது. 'கருந்துளைகள்', 'புதிர்கள்' என்று தொடர் தொடராக எழுதினார்கள். 'கருப்புச் சிப்பாய்கள்' என்று சதுரங்கப் பெயர் சூட்டிக்கொண்ட ஒரு கூட்டம் மாதாமாதம் 11ஆம் தேதி கூடியது. ஆனால், "சரி, என்னதான் நடந்தது என்கிறீர்கள்?" என்று கேட்டால் பதில் கிடையாது.

இரண்டு உதாரணம் சொல்கிறேன். அந்த வேனில் மோந்த்ரகோன் குழுமத்தின் அட்டை ஒன்று இருந்தது என்று 2006இல் செய்தி வந்தது. மோந்த்ரகோன் பாஸ்க் நாட்டுப் பெரிய கூட்டுறவு நிறுவனம். ஆகா, எட்டா! கடைசியில் வேனில் இருந்தது மோந்த்ரகோன் என்று பெயர் கொண்ட இசைக்குழுவின் பாட்டு கேசட்.

இன்னொன்று போரிக் அமிலம். வழக்கில் சிக்கிய ஒருவர் வீட்டில் அது கிடைத்தது. 2001இல் எட்டா ஆட்கள் தங்கிய ஒரு வீட்டிலும் கிடைத்திருந்தது. தடய அறிவியல் நிபுணர்கள் இந்த ஒற்றுமையைக் குறித்திருந்தார்கள், மேலதிகாரி அந்த வரியை நீக்கிவிட்டார் என்பது பெரும் ஊழலாக மாதக்கணக்கில் பேசப்பட்டது. நீதிமன்றம் வரை போனது. போரிக் அமிலம் என்ன தெரியுமா? நம்மூர்க் கேரம் போர்டில் தூவுகிறோமே, அதேதான். கரப்பான் பூச்சிக்கு வைப்பார்கள், கால் நாற்றத்துக்கும் போடுவார்கள். அந்தக் கணக்கில் நான் சிறுவயதில் பழகிய தெருமுனை கேரம் கிளப் முழுவதையும் உள்ளே தள்ளியிருக்கலாம்.

சிரிப்பு இருக்கட்டும். நான் இருபத்தாறு ஆண்டுகள் நீதிமன்றத்தில் ஊழியனாக இருந்தவன், அதில் பதினோரு வருடம் பெஞ்ச் கிளார்க். எத்தனையோ கேஸ் கட்டு என் கைவழியாகப் போயிருக்கிறது. ஓட்டையில்லாத கட்டை நான் பார்த்ததே இல்லை. ஒரு வெட்டுக்குத்து வழக்கில் மகஜரில் அரிவாளின் பிடி மரம் என்று இருந்தது, மேஜைமேல் வைத்தால் பிளாஸ்டிக். ஆய்வாளர் கூண்டில் நின்று வியர்த்தார். வெட்டுப்பட்டவர் பிழைத்துவந்து எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, கைநீட்டி அடையாளம் காட்டினார், எதிரி ஒத்துக்கொண்டார், ஆனால் பிடி மரமா பிளாஸ்டிக்கா என்பது இன்றுவரை தெரியாது. எழுதியவர் களைத்திருந்தார், ராத்திரி, கரண்ட் இல்லை. அவ்வளவே. அந்த வழக்கை மட்டும் ஒரு பத்திரிகை கையில் எடுத்திருந்தால் 'அரிவாள் மர்மம்' என்று ஆறு மாதம் ஓட்டியிருக்கும்.

வயேகாஸ் பையும் அப்படித்தான். நிலையத்திலிருந்து மூட்டை மூட்டையாக ஏற்றி, இங்கே கொண்டுபோய், அங்கே மாற்றி, யாரும் சரியாகப் பட்டியல் போடவில்லை. ரயில் பெட்டிகளை அவசரமாக உடைத்ததும் தவறுதான், அவற்றை வைத்திருந்திருக்கவேண்டும். ஆனால் பையைக் கழித்துவிட்டே பாருங்கள். மார்ச் 13 இரவு பள்ளிவாசல் பக்கத்துக் குப்பைத்தொட்டியில் இஸ்லாமியத் தீவிரவாதிகள் பொறுப்பேற்கும் வீடியோ கிடைத்தது. ஏப்ரல் 2 அன்று, தேர்தல் முடிந்து, படையை ஈராக்கிலிருந்து திரும்பப் பெறுவேன் என்று சப்பாத்தெரோ சொன்ன பிறகும், தொலேதோ மாவட்டத்தில் அதிவேக ரயில் தடத்தில் அதே வகை டைனமைட் கண்டெடுக்கப்பட்டது. மறுநாள் லெகானெஸில் போலீஸ் சுற்றிவளைத்த அடுக்ககத்தில் ஏழு பேர் தங்களைத் தாங்களே வெடித்துக்கொண்டார்கள். பிரிவினை இயக்கத்துக்குப் பழி வராமல் காப்பாற்ற ஏழு பேர் செத்து நடித்தார்கள் என்று நம்பினால்தான் மற்றக் கதை நிற்கும்.

2007 பிப்ரவரியில் தொடங்கிய விசாரணையில், அக்டோபர் 31 அன்று நீதிபதி கோமெஸ் பெர்மூடெஸ் தீர்ப்பை வாசித்தார். 28 பேரில் 21 பேருக்குத் தண்டனை. எட்டாவுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. வெடிபொருள் முழுவதுமோ பெரும்பகுதியோ அஸ்தூரியாஸ் மாநிலத்துக் கொஞ்சித்தா சுரங்கத்திலிருந்து வந்தது. மூளையாக இருந்தவர் என்று அரசுத் தரப்பு நிறுத்திய எகிப்தியரை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தார். தலைவன் யாரென்று நீதிமன்றம் சொல்லவில்லை என்று நீங்கள் படித்தது இதைத்தான். நிரூபிக்கப்படவில்லை என்றால் விடுவிப்பார்கள். சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. பெட்டியில் பையை வைத்தவர் யாரென்று தெரியவே தெரியாது என்பது அதன் பொருளாகாது.

இதனால் மீதி எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. கேட்கவேண்டிய கேள்வி நிறைய உண்டு, அவற்றைக் கேட்க ஆளில்லாமல் போனதுதான் என் ஆத்திரம். கஞ்சாப் பிசினுக்குப் பண்டமாற்றாக டைனமைட் கொடுத்த முன்னாள் சுரங்கத் தொழிலாளி போலீசுக்குத் துப்பு சொல்பவர். அவரையும் மொராக்கோக்காரர்களையும் சேர்த்துவைத்த தரகர் சிவில் காவல்படைக்குத் துப்பு சொல்பவர். அஸ்தூரியாஸில் வெடிபொருள் விலைக்குக் கிடைக்கிறது என்று அந்தத் தரகர் ஒரு வருடம் முன்பே தகவல் கொடுத்திருந்தார். அந்த டைனமைட் மாட்ரிட்டுக்குக் கிளம்பிய அதே பிப்ரவரி இறுதியில், கூட வந்த ஒரு காரைப் போக்குவரத்துக் காவலர்கள் நிறுத்தி, வேகமாக ஓட்டியதற்கு அபராதம் போட்டு அனுப்பிவைத்தார்கள். இரண்டு பக்கமும் தன் ஆளை வைத்துக்கொண்டு நடுவில் போன சரக்கைக் கோட்டைவிட்ட துறையை யார் கேட்டார்கள்? கேட்கவேண்டிய நாளில் பத்திரிகைகள் போரிக் பவுடரை முகர்ந்துகொண்டிருந்தன. அந்தச் சனிக்கிழமை கைதான மொராக்கோக்காரர்களில் ஒருவரும், ரயிலில் குண்டு வைத்ததாகத் தண்டிக்கப்பட்டவருமான ஜமால் சூகாமின் வழக்கு பெருமளவு ரயில் பயணிகள் சிலர் அடையாளம் காட்டியதை நம்பி நிற்கிறது. அதைக்கூட நிதானமாக விவாதிக்கலாம். சதிக்கதைக்காரர்கள் அதைத் தொட்டதும் மற்றவர்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

இடதுசாரி நண்பர்களையும் விட்டுவைக்க முடியாது. 'ஈராக்குக்குப் படை அனுப்பியதால் குண்டு வெடித்தது' என்பது அவர்களுக்கு இதமான கதை. ஃபெர்னாண்டோ ரெய்னாரெஸ் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் ஆவணங்களைப் புரட்டி, இந்த வலையின் வேர் 2001 நவம்பரில் ஸ்பெயின் போலீஸ் கலைத்த ஒரு அல்-கொய்தா குழுவில் இருக்கிறது, பழிவாங்கும் எண்ணம் ஈராக் படையெடுப்புக்கு முந்தியது என்று எழுதியிருக்கிறார். அது இரண்டு கட்சிக்குமே பிடிக்கவில்லை. எனக்கு அவர் சொல்வது சரியாகவே படுகிறது. ஈராக் அவர்களுக்கு வாய்ப்பான சாக்காக அமைந்தது.

எழுந்து போன அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் பிலார் மன்ஹோன் என்றொருவரைப் பற்றிப் படியுங்கள். இருபது வயது மகனை அந்த ரயிலில் இழந்தவர். பாதிக்கப்பட்டோர் சங்கத்தின் தலைவியாக 2004 டிசம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, எல்லாக் கட்சிக்காரர்களையும் முகத்துக்கு நேரே கேட்டார். அதன்பின் வருடக்கணக்கில் அவருக்கு வந்த வசைகளுக்கு அளவில்லை. மகனைப் பறிகொடுத்தவளிடம் போய், உன் மகனைக் கொன்றது யாரென்று உனக்குத் தெரியாது என்று சொல்வதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

உங்கள் நண்பரோடு சண்டை போடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: லெகானெஸில் செத்த ஏழு பேர் யார்? அவர் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள்.

இனி உங்கள் 192. நன்றாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். லெகானெஸ் வீட்டுக்குள் அந்த ஏழு பேரும் வெடித்தபோது, கதவருகே நின்ற சிறப்புக் காவல்படை வீரர் ஒருவரும் இறந்துபோனார். சில நாட்களுக்குப் பிறகு இரவில் யாரோ அவருடைய உடலைக் கல்லறையிலிருந்து தோண்டியெடுத்துத் தீவைத்துவிட்டார்கள். ஆலிவும் சைப்ரஸும் கலந்த அந்த வனத்தில் ஒரு மரம் அவருடையது.

அன்புடன்.