பிட்ஸ்பர்க் டவுன்டவுனில் குடியேறலாமா? கேள்விகளும் பதில்களும்

பிட்ஸ்பர்க் டவுன்டவுனில் வீடு பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: இந்த ஊரில் வாடகையை மட்டும் பார்த்து வீடு பிடிக்காதீர்கள். வேலைக்குப் போகும் வழி, சம்பளத்தில் பிடிக்கும் உள்ளூர் வரி, கார் நிறுத்தும் செலவு, இந்த மூன்றையும் வாடகையோடு கூட்டினால்தான் உண்மையான தொகை தெரியும்.

கேள்வி: டவுன்டவுனில் ஒரு வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கு 90,000 டாலர். மனைவியும் நானும் மட்டும்தான். நகருக்குள்ளேயே இருக்கலாமா, புறநகர் நல்லதா?

முதலில் வரியைப் பார்த்துவிடுவோம். பென்சில்வேனியா மாநில வரி 3.07 சதவீதம், எங்கே இருந்தாலும் அதே. உள்ளூர் சம்பள வரிதான் ஊருக்கு ஊர் மாறும். பிட்ஸ்பர்க் நகர எல்லைக்குள் குடியிருந்தால் 3 சதவீதம்: நகரத்துக்கு 1, பள்ளி மாவட்டத்துக்கு 2. சுற்றியுள்ள பல ஊர்களில் 1 சதவீதம்தான். மவுண்ட் லெபனானில் 1.3. உங்கள் சம்பளத்துக்கு நகரில் 2,700 டாலர், 1 சதவீத ஊரில் 900. வித்தியாசம் மாதம் 150 டாலர்.

அந்த 150 டாலரைப் பார்த்ததும் புறநகருக்கு ஓடிவிட வேண்டாம். அங்கே போனால் இரண்டாவது கார் தேவைப்படுமா என்று பாருங்கள். காரில் அலுவலகம் வந்தால் பார்க்கிங் வரியும் சேரும். இங்கே அது 37.5 சதவீதம். பொது கேரேஜில் மாதம் 220 டாலர் கட்டினால் அதில் 60 டாலர் வரி. இன்சூரன்ஸ், பெட்ரோல் தனி. நடந்து அலுவலகம் போகும் தம்பதி ஒரே காரோடு, அல்லது கார் இல்லாமலே இருக்க முடிந்தால், 3 சதவீதம் கட்டியும் டவுன்டவுன்தான் மிச்சம். இருவருக்கும் ஆளுக்கொரு கார் வேண்டுமென்றால் கணக்கு தலைகீழாகிவிடும்.

பலர் சிக்கும் இடம் ஒன்று உண்டு. முகவரியில் 'பிட்ஸ்பர்க்' என்று இருப்பதாலேயே அந்த வீடு நகர எல்லைக்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. தபால் முகவரி வேறு, நகராட்சி வேறு. வீட்டுக்காரரிடம் எந்த நகராட்சி என்று கேட்டு, அதன் ஆறு இலக்க பி.எஸ்.டி குறியீட்டை (உள்ளூர் வரிக்காக ஒவ்வொரு நகராட்சிக்கும் உள்ள எண்) சரிபாருங்கள். வேலையில் சேரும்போதும், பிறகு வீடு மாறும்போதும் குடியிருப்புச் சான்றுப் படிவத்தை எச்.ஆரிடம் கொடுங்கள். பழைய ஊரின் விகிதத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தால், ஏப்ரலில் உள்ளூர் வரிக் கணக்கு போடும்போது மொத்தமாகக் கட்ட வேண்டி வரும்.

கேள்வி: அக்கா, எனக்குப் பல்கலைக்கழகப் பகுதியான ஓக்லாந்தில் ஆராய்ச்சி வேலை. டவுன்டவுனில் தங்கி 'டி' ரயிலில் போய்வரலாமா?

முடியாது தம்பி. 'டி' ஓக்லாந்துக்குப் போவதே இல்லை. ரெட், புளூ, சில்வர் மூன்று தடங்களுமே டவுன்டவுனைத் தாண்டி தெற்குப் புறநகர்களுக்குப் போகின்றன. ஆற்றுக்கு அடியில் வடகரைக்குப் போகும் பகுதி 2012-இல் திறந்தது. ஃபர்ஸ்ட் அவென்யூ, ஸ்டீல் பிளாசா, வுட் ஸ்ட்ரீட், கேட்வே, வடகரையில் நார்த் சைடு, அலெகனி ஆகிய ஆறு நிலையங்களுக்குள் பயணம் இலவசம். மழையிலும் பனியிலும் டவுன்டவுன்வாசிகளுக்கு இது பெரிய வசதி.

ஓக்லாந்துக்கு 61, 71 வரிசை பஸ்கள். கட்டணம் 2.75 டாலர், கனெக்ட்கார்டு எனும் பயண அட்டையைத் தட்டினால் 3 மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். பிட் (பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம்) அல்லது கார்னகி மெலன் பல்கலைக்கழக அடையாள அட்டை கிடைக்குமானால் கட்டணமே இல்லை, எனவே உங்கள் வேலை ஒப்பந்தத்தில் அது உண்டா என்று கேளுங்கள். தூரம் சுமார் 3 மைல்தான். ஆனால் யுனிவர்சிட்டி லைன் எனும் தனித்தட பஸ் திட்டத்துக்கான சாலை வேலை 2023-இல் டவுன்டவுனில் தொடங்கி ஓக்லாந்து பக்கம் நகர்ந்தது. பஸ் நிறுத்தங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். லீஸ் போடும் முன் ஒரு வேலைநாள் காலை 8 மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பதில் பயனில்லை.

ஒரே ஒரு தடத்தை நம்பி வீடு பிடிக்காதீர்கள். 2025 மார்ச்சில் போக்குவரத்து நிர்வாகம் சேவையில் 35 சதவீதத்தை வெட்டும் திட்டத்தை அறிவித்தது. பிறகு மூலதனப் பணத்தை எடுத்து அன்றாடச் செலவுக்குப் போட்டு அதைத் தள்ளிவைத்தார்கள். பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. குறைந்தது இரண்டு தடங்கள் நடக்கும் தூரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: கிரான்பெரியில் வேலை. ஆனால் நகர வாழ்க்கை பிடிக்கும். டவுன்டவுனிலிருந்து எதிர்த்திசையில் போவது சுலபம்தானே?

கார் கட்டாயம். கிரான்பெரி வேறு கவுண்டி. ஐ-279 நெடுஞ்சாலையின் நடுவில், பலர் சேர்ந்து போகும் கார்களுக்கான எச்.ஓ.வி தடம் காலையில் நகருக்குள் வருபவர்களுக்கும் மாலையில் வெளியே போகிறவர்களுக்கும் மட்டுமே திறக்கும். உங்களுக்கு இரண்டு வேளையும் உதவாது. கேனன்ஸ்பர்க் பக்கம் சவுத்பாயிண்ட்டில் வேலை பார்ப்பவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான், போதாக்குறைக்கு டனல் நெரிசல் வேறு. நகர வாழ்க்கைக்காக வரியும் பார்க்கிங்கும் சேர்த்துக் கட்டத் தயாரென்றால் வாருங்கள். பணம் மிச்சமாகும் என்று நினைத்து வராதீர்கள்.

கேள்வி: பழைய ஆபீஸ் கட்டிடத்தை அபார்ட்மெண்டாக மாற்றியிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் படுக்கையறையில் ஜன்னல் இல்லை. என்னென்ன சோதிக்க வேண்டும்?

டவுன்டவுனில் புதிதாக வரும் வீடுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். கட்டிடம் எந்தக் காலத்தது என்று முதலில் கேளுங்கள். 1930-க்கு முன் கட்டியவை அகலம் குறைந்தவை. ஏ.சி இல்லாத காலம் என்பதால் எல்லா மேசைக்கும் வெளிச்சம் வர வேண்டும் என்று நடுவில் முற்றம் போல் இடம் விட்டிருப்பார்கள். அவை வீடாக மாற நல்லவை. 1960-க்குப் பிறகு வந்தவை அகன்றவை. 1970-இல் முடிந்த யு.எஸ். ஸ்டீல் டவரில் ஒரு மாடியே சுமார் ஓர் ஏக்கர். அப்படிப்பட்ட கட்டிடத்தை வீடாக்கினால் ஜன்னலிலிருந்து நடைபாதைக் கதவு வரை நீண்டுபோகும், படுக்கையறை உள்ளே மாட்டிக்கொள்ளும். தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் இருந்தால் ஜன்னலில்லா படுக்கையறை விதிப்படி செல்லும் என்பதால் கட்டுகிறார்கள். ஜன்னல் சுவரிலிருந்து வாசல் கதவு வரை அளந்து பாருங்கள். 30 அடிக்குள் இருந்தால் சரி, 40-ஐத் தாண்டினால் பகலிலும் விளக்கு போட வேண்டும். ஜன்னலில்லா அறையில் கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் நில்லுங்கள். மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் அந்த அறைக்குத் தனிக் காற்றுவழி வைக்கவில்லை.

அடுத்தது தண்ணீர். ஆபீஸில் கழிப்பறை எல்லாம் லிஃப்ட் பக்கம் ஒரே இடத்தில் இருந்தது. இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் தளத்தைத் துளைத்துக் குழாய் இறக்கியிருக்கிறார்கள். ஷவரில் வெந்நீரைத் திறந்துவிட்டு டாய்லெட்டை ஃப்ளஷ் செய்யுங்கள். சூடு சட்டென்று மாறினால் அழுத்தத்தைச் சமன் செய்யும் வால்வு சரியில்லை. வெந்நீர் வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் வெந்நீரைச் சுற்றிக்கொண்டே இருக்க வைக்கும் சுற்றோட்டக் குழாய் உங்கள் பக்கம் வரவில்லை. தினமும் அந்தத் தண்ணீர் வீணாகும்.

பாரம்பரியக் கட்டிடங்களுக்கு 20 சதவீத மத்திய வரிச்சலுகை உண்டு. அதற்காகப் பழைய ஜன்னலையோ அதே தோற்றத்தையோ காப்பாற்றியாக வேண்டும். ஜன்னல் அடிக்கட்டையில் தண்ணீர்க் கறை, உப்பிய பெயிண்ட் இருக்கிறதா பாருங்கள். ஜனவரியில் கண்ணாடியில் வியர்த்து வழிந்ததன் தடயம் அது.

ஹீட்டிங் எந்த வகை என்றும் கேளுங்கள். இரண்டு குழாய் அமைப்பு என்றால் கட்டிடம் முழுக்க ஒரு சமயத்தில் சூடு அல்லது குளிர், ஒன்றுதான் வரும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் காலையில் நடுங்கி மதியம் வேர்ப்பீர்கள். வீட்டுக்கு வீடு தனி ஹீட் பம்ப் இருந்தால் நல்லது. அதை முழு வேகத்தில் ஓடவிட்டு, தலையணை வரும் இடத்தில் நின்று சத்தத்தைக் கேளுங்கள்.

கேள்வி: மேலே உள்ளதற்குத் தொடர்ச்சி. மகன் வீட்டில் தாளித்தாலே அலாரம் அடிக்கிறது. அடுப்புக்கு மேல் மைக்ரோவேவ்தான் இருக்கிறது. என்ன செய்வது?

அம்மா, மைக்ரோவேவுக்கு மேலுள்ள கப்போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே தகரக் குழாய் மேலேறிப் போனால் புகை வெளியே போகிறது. வெறும் தட்டுமுட்டு சாமான்தான் இருந்தால், அது புகையை உறிஞ்சி வடிகட்டித் திரும்ப முகத்திலேயே ஊதும் வகை. மாற்றியமைத்த கட்டிடங்களில் பெரும்பாலும் இதுதான்.

அடியிலுள்ள உலோக வலையை மாதம் ஒருமுறை கொதிநீரிலும் பாத்திர சோப்பிலும் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். மேல் கிரில்லுக்குப் பின்னால் ஒரு கரி ஃபில்டர் இருக்கும். அதைக் கழுவ முடியாது, நம் சமையலுக்கு மூன்று நான்கு மாதத்தில் மாற்ற வேண்டும். மாடல் எண் மைக்ரோவேவ் கதவின் உள்விளிம்பில் இருக்கும். ஃபேனை எண்ணெய் ஊற்றுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே போட வேண்டும். பின்பக்க அடுப்பில் தாளித்தால் ஃபேன் நன்றாக இழுக்கும். மிளகாய் வறுப்பதை ஜன்னலோரம் சின்ன இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்துக்கொள்வது உத்தமம்.

முக்கியமானது இது: புகை சூழ்ந்தால் ஜன்னலைத் திறக்க வேண்டும், வாசல் கதவைத் திறக்கவே கூடாது. வீட்டுக்குள் இருக்கும் அலாரம் பொதுவாக அந்த வீட்டோடு நின்றுவிடும். நடைபாதையில் இருப்பது கட்டிடம் முழுவதற்குமான அமைப்பு. புகை அங்கே போனால் அத்தனை பேரும் படியிறங்கி, தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நிற்கும். டிடெக்டரைப் பிளாஸ்டிக் பையால் மூடுவதும் வேண்டாம். லீஸ் மீறல் என்பதை விட, தூங்கும்போது உயிருக்கு ஆபத்து.

கேள்வி: கரண்ட் பில்லுக்கு வேறு கம்பெனி மலிவாகத் தருவதாக வாசலில் வந்து சொல்கிறார்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள். கம்பி டுகேன் லைட் எனும் உள்ளூர் மின் நிறுவனத்துடையது. மின்சாரத்தை யாரிடம் வாங்குவது என்பது மட்டுமே உங்கள் விருப்பம். மாநிலத்தின் பி.ஏ. பவர் ஸ்விட்ச் தளத்தில் ஒப்பிடுங்கள். ஒப்பிட வேண்டிய டுகேன் லைட் விலை ஜூன் 1, டிசம்பர் 1 இரண்டு தேதிகளில் மாறும். நிலையான விலை, ரத்துக் கட்டணம் இல்லை, இந்த இரண்டும் இருந்தால் மட்டும் மாறுங்கள். தண்ணீர், கழிவுநீர் பில்லைத் தனி மீட்டர் வைத்து வாங்குகிறார்களா, மொத்த பில்லை எல்லோருக்கும் பிரிக்கிறார்களா என்பதையும் லீஸில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: மோனங்கஹீலா ஆற்றோரம் மான் வார்ஃப்பில் பார்க்கிங் மலிவு என்கிறார்கள். நம்பலாமா?

கோடையில் பெரும்பாலும் சரி. பனி உருகும் நாட்களிலும் கனமழையிலும் ஆற்று மட்டத்தைப் பார்க்காமல் விடக் கூடாது. தேசிய வானிலை சேவையின் பிட்ஸ்பர்க் அளவீட்டில் 18 அடி வந்தால் அந்த வார்ஃப்பில் தண்ணீர் ஏறும். 25 அடி என்றால் வெள்ள நிலை. பார்க்வே ஈஸ்ட்டில் 'பாத்டப்' என்று உள்ளூரில் சொல்லும் தாழ்வான பகுதியும் அந்த மட்டத்தை ஒட்டி மூழ்கும். இரவில் விட்டுவிட்டு ஊருக்குப் போகும் பழக்கம் இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: மளிகை, கோவில்?

பழைய காஃப்மன்ஸ் கடைக் கட்டிடத்தில் 2022-இல் டார்கெட் வந்தது. அன்றாடத் தேவைக்குப் போதும். காய்கறி, மீனுக்கு ஸ்ட்ரிப் டிஸ்ட்ரிக்ட் நடக்கும் தூரம். இந்திய மளிகைக்கும் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோவிலுக்கும் கார் வேண்டும். வாரம் ஒருமுறைதான் என்றால் வாடகைக் கார் எடுப்பது சொந்தக் காருக்குக் கேரேஜ் கட்டுவதை விட மலிவு.

கேள்வி: மாலை 6 மணிக்கு மேல் தெருக்கள் வெறிச்சோடிப் போகின்றன. இந்த ஊர் தேறுமா?

ஏன் இப்படி ஆனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1950-களில் மேயர் டேவிட் லாரன்ஸும் வங்கி அதிபர் ரிச்சர்ட் கிங் மெலனும் சேர்ந்து நகர முனையை இடித்து கேட்வே சென்டர் அலுவலகங்களைக் கட்டினார்கள். அருகிலேயே பாயிண்ட் ஸ்டேட் பார்க் 1974-இல் முடிந்தது. அதே காலத்தில் கிழக்குப் பக்கம் லோயர் ஹில் எனும் குடியிருப்புப் பகுதியில் சுமார் 95 ஏக்கரை இடித்து, 8,000 பேரை வெளியேற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 1961-இல் அங்கே ஒரு அரங்கம் வந்தது. அதையும் 2011-12-இல் இடித்துவிட்டார்கள், நிலம் பல ஆண்டுகள் பார்க்கிங்காகவே கிடந்தது. நடந்து டவுன்டவுனுக்கு வந்து கடைகளை வாழவைத்த மக்களை அகற்றிவிட்டு, 5 மணிக்குக் காரில் கிளம்புகிறவர்களை நம்பியதன் விளைவைத்தான் இப்போது பார்க்கிறீர்கள். வீட்டிலிருந்து வேலை வந்ததும் அவர்களும் குறைந்துவிட்டார்கள்.

ஐ-579 நெடுஞ்சாலைக்கு மேல் மூடி போட்டுக் கட்டிய ஃபிராங்கி பேஸ் பார்க் 2021-இல் திறந்து, ஹில் பகுதியை டவுன்டவுனோடு திரும்ப இணைத்தது. 2024 அக்டோபரில் மாநிலமும் நகரமும் 10 ஆண்டுகளுக்கான 60 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தன. அதில் அலுவலகங்களை வீடுகளாக்குவது, மார்க்கெட் ஸ்கொயர் சீரமைப்பு, ஆர்ட்ஸ் லேண்டிங் எனும் புதுத் திறந்தவெளி எல்லாம் உண்டு. 2026 ஏப்ரலில் இங்கே நடந்த என்.எஃப்.எல் டிராஃப்ட்டை (அமெரிக்கக் கால்பந்து அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் விழா) முன்னிட்டுச் சதுக்க வேலைகளுக்கு முதலிடம் தந்தார்கள். சதுக்கங்கள் அழகாவது நல்லதே. ஆனால் தெருவுக்கு உயிர் வருவது வீடுகளால்தான், அதுவும் மருத்துவமனை ஊழியரும் சமையல்காரரும் வாடகை கட்டக்கூடிய வீடுகளால். திட்டத்தை மதிப்பிட ஒவ்வொரு கட்டிடத்திலும் எத்தனை வீடுகள் அந்த விலையில் என்று கேளுங்கள், தரைத்தளத்தில் கடை திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் இப்போதே காண்டோ (சொந்த அடுக்குமாடி வீடு) வாங்கிவிடலாமா?

சொத்து வரியைப் பார்க்காமல் வேண்டாம். அலுவலகக் கோபுரங்களின் மதிப்பு சரிந்து, அவற்றின் உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்து வரியைக் குறைத்துக்கொண்டால், அந்தப் பாரம் மற்றவர்கள் மேல் விழும். கவுண்டி மட்டும் 2025-க்கு சொத்து வரியை 36 சதவீதம் உயர்த்தியது. நகர வரியும் பள்ளி வரியும் தனி.

பிட்ஸ்பர்க் இருக்கும் அலெகனி கவுண்டியில் வரிக்கான சொத்து மதிப்பீட்டின் அடிப்படை ஆண்டு இன்னும் 2012. நீங்கள் கொடுத்த விலையைக் காட்டி மதிப்பை உயர்த்தக் கோரி வரி வாங்கும் அமைப்புகள் மேல்முறையீடு செய்யலாம். அதனால் விற்பவர் காட்டும் பழைய பில்லை நம்பாமல், வாங்கும் விலையை அந்த ஆண்டின் பொது விகிதத்தால் (சந்தை விலையில் வரி மதிப்பு எத்தனை பங்கு என்பது; சமீப ஆண்டுகளில் பாதியை ஒட்டி) பெருக்கி, அந்த மதிப்புக்கு மூன்று வரிகளையும் போட்டுப் பாருங்கள். அதுவே நீங்கள் கட்டத் தயாராக இருக்க வேண்டிய தொகை.

காண்டோ உரிமையாளர் சங்கத்தின் மறுவிற்பனைச் சான்றிதழை வாங்கிப் படியுங்கள். அது கைக்கு வந்து 5 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை மாநிலச் சட்டத்தில் உண்டு. பத்திரம் முடிந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். அதில் சேமிப்பு நிதி எவ்வளவு, லிஃப்டும் முகப்பும் எப்போது பழுதுபார்க்க வேண்டும், சிறப்பு வசூல் ஏதும் முடிவாகியிருக்கிறதா என்ற மூன்றையும் தேடுங்கள். கடைசி இரண்டு ஆண்டுக் கூட்டக் குறிப்புகளைத் தர மறுத்தால் வாங்காதீர்கள்.