துண்டுக் காட்டில் சாணவண்டு அதிகமா?

வால்பாறையில் தேயிலைக்கு நடுவே இருக்கும் சோலைத் துண்டில் வைத்த குழிப்பொறிகளில் (மண்ணில் புதைத்த கிண்ணங்களில்) பெரிய காட்டைவிட அதிகச் சாணவண்டுகள் விழுகின்றன, பொறியில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். எல்லாப் பொறியிலும் ஒரே அளவு சாணம் வைத்திருந்தால் கோளாறு இருக்காது. இனவாரியாகப் பிரித்து எண்ணுங்கள். ஓரத்தில் வெயிலும் வறட்சியும் கூடும்போது வெட்டவெளி வண்டுகள் உள்ளே புகுந்து மொத்தக் கணக்கை ஏற்றிவிடும், நிழல் தேடும் காட்டு இனங்கள் குறைந்தது அதில் தெரியவே தெரியாது. பிரேசிலில் மனௌஸ் அருகே 1979-இல் தொடங்கிய ஆய்வில் 1, 10, 100 ஹெக்டேர் காட்டுத் துண்டுகளை விட்டுவைத்துப் பார்த்தார்கள். சுற்றிலும் மேய்ச்சல் நிலமாக இருந்தபோது குறைந்த சாணவண்டுகள், அங்கே மரங்கள் மறுபடி வளர்ந்ததும் திரும்ப வந்தன. அதனால் ஒவ்வொரு பொறியும் ஓரத்திலிருந்து எத்தனை மீட்டர், பக்கத்தில் இருப்பது தேயிலையா நிழல்மரக் காப்பியா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், பொறிக்கு மேலே ஒரு மூடி போடுங்கள், வால்பாறை மழைக்குக் கிண்ணம் நிரம்பி வழிந்துவிடும்.