யோமோகி மோச்சி (மாசிபத்திரி இனத்து யோமோகி இலை சேர்த்த ஜப்பானிய அரிசிப் பலகாரம்) செய்தேன்; இலை ஜூன் மாதம் ஆற்றங்கரையில் தண்டோடு பறித்தது. கசக்கிறது, நாராக இருக்கிறது – என்ன செய்வது?

கொதிக்கும் தண்ணீரில் கொஞ்சம் ஆப்பசோடா போட்டு இலையை ஓரிரு நிமிடம் மட்டும் வேகவிட்டு, உடனே குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அப்புறம் மைய அரையுங்கள். கசப்பு நன்றாகவே குறையும், நாரும் இளகிவிடும்.

ஜூன் மாதம் ஆற்றங்கரையில் தண்டோடு பறித்தேன் என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். ஜப்பானில் இதற்கு வசந்தகாலத் துளிரைத்தான் எடுப்பார்கள். முற்றிய செடி என்றால் நுனிக்கொழுந்தை மட்டும் கிள்ளுங்கள்.

பறிக்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள்: அடிப்பக்கம் வெள்ளையாகப் பூனைமுடி இருக்க வேண்டும், கசக்கினால் நம் மாசிபத்திரி போல வாசனை வர வேண்டும். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். டோரிகாபுட்டோ என்கிற வத்சநாபி இனத்தின் இளந்தழை பார்க்க இதே மாதிரி இருக்கும், கொடிய நஞ்சு, மாற்றிச் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் அங்கே உண்டு.

சரி, வீட்டில் யாருக்காவது மகரந்த ஒவ்வாமை இருந்தால் அவர்களுக்கு இது வேண்டாம்.