சாப்பிட்டாச்சும்மா

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இந்த மே மாதம் நண்பர்கள் எட்டுப் பேர் விடுப்பு எடுத்துக்கொண்டு, மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் இரண்டு வாரம் தங்கினோம். காலையில் குளம் தூர்வாரினோம், மாலையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தோம். யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று அரிசி, சமையல்காரர், தண்ணீர் கேன் எல்லாம் நாங்களே கொண்டுபோனோம். குளக்கரை வீட்டு அம்மா ஒருவர் மட்டும் தினமும் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்பார். 'சாப்பிட்டாச்சும்மா' என்போம். மற்றபடி ஊரில் ஒருவர்கூட வந்து கூடை பிடிக்கவில்லை, வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் போல வாழ்க்கையையே கொடுக்க எங்களால் முடியாது. கொடுத்த இரண்டு வாரத்துக்கு ஏதாவது அர்த்தம் உண்டா? அடுத்த கோடையிலும் போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் நீடாமங்கலம் போய்விட்டுத் திரும்பியிருந்தேன். மூணாறு தலைப்பில், வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறுமாகத் தண்ணீர் பிரிகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். இப்போது வெறும் மணல். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் ஒரு கிராமத்தில் பத்து நாள் தங்கியிருக்கிறேன். உங்களைப் போலவே மே மாதத்தில், கையில் மண்வெட்டியோடு. அந்த நினைப்பிலேயே இருந்ததால் உடனே எழுதுகிறேன்.

கிருஷ்ணம்மாளோடு உங்களை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டாம். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு கணவரோடு அந்தப் பக்கம் வந்து, நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கித் தருவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர். இரண்டு வாரம் என்பது இரண்டு வாரம்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆங்கில வகுப்பைப் பற்றியும் சொல்ல எதுவுமில்லை. பிள்ளைகள் சந்தோஷமாக இருந்திருப்பார்கள், நல்லது.

யாரும் வரவில்லை என்கிறீர்கள். மே மாதம் அந்தப் பக்கம் என்ன வேலை நடக்கிறது என்று விசாரித்தீர்களா? சம்பா அறுத்த வயலில் போட்ட உளுந்தும் பயறும் முடிந்து, பருத்தி எடுக்கிற காலம் அது. வெயில் ஏறுவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று பெண்கள் விடியும்போதே கிளம்பிவிடுவார்கள். நூறு நாள் வேலையில் குளம் வெட்டிக் கூலி வாங்கியவர்களும் அந்த ஊரில் இருப்பார்கள். அதே குளத்தில் நீங்கள் கூலியில்லாமல் இறங்கினால் அவர்கள் தள்ளி நின்று பார்க்காமல் என்ன செய்வார்கள்? வெடித்துக் கிடக்கிற நாலு வயலைப் பார்த்துவிட்டு ஊரே சும்மா இருப்பதாக முடிவு கட்டிவிட்டீர்கள்.

ஆனால் எனக்குக் கோபம் வந்தது அந்த வரியில் இல்லை. 'யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று எல்லாம் நாங்களே கொண்டுபோனோம்.' இதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரைக்கூடவா? அந்த ஊர்த் தண்ணீர் உப்புக் கரித்திருக்கலாம். கடல் பக்கம் போகப் போக அங்கே நிலத்தடி நீர் அப்படித்தான். ஒரு வாய் குடித்திருந்தால் அதாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

1985இல் எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம். நாற்பது மாணவர்கள், பள்ளிக்கூடத்தில் தங்கல், அங்கேயே சமையல். ஒரு பாசன வாய்க்காலைத் தூர்வாருவது வேலை. மேட்டூரில் ஜூன் 12 திறப்பது வழக்கம், ஆண்டுக்கு ஆண்டு முன்பின் ஆகும். அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினோம். நெய்வேலிக் காட்டாமணியை வேரோடு பிடுங்கினோம். இரண்டே நாளில் உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

மூன்றாம் நாள், பதினொரு மணி இருக்கும், தலித் மக்கள் குடியிருந்த தெற்குத் தெருவிலிருந்து ஒரு பாட்டி வந்தார். கையில் அலுமினியத் தூக்குவாளி. திறந்து காட்டினார். நீராகாரம். நாலைந்து சின்ன வெங்காயம் மிதந்தது. இலைத் துண்டு ஒன்றில் உப்பும் வறுத்த மோர் மிளகாயும் மடித்து வைத்திருந்தார். 'குடிங்க தம்பி, வெயில் கொல்லுது' என்றார். எங்களோடு வந்த ஆசிரியர் கண்ணைக் காட்டினார். வெளிச் சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார். குடியானத் தெருவில் கொடுத்த மோரை முந்தின நாள் அதே ஆசிரியர் வாங்கிக் குடித்ததை எல்லோரும் பார்த்திருந்தோம். பார்த்திருந்தும், பாட்டிக்குப் பக்கத்தில் நின்ற நான்தான் சொன்னேன், 'சாப்பிட்டாச்சு பாட்டி' என்று. சாப்பிட்டிருக்கவில்லை. அவர் மூடியை வைத்து அழுத்தினார். பொருந்தவில்லை. உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி மூடிவிட்டு, வந்த வரப்பிலேயே திரும்பி நடந்தார்.

அதே தெருக்காரர் ஒரு பெரியவர், வாய்க்கால் கரையில் பூவரச மரத்தடியில் தினமும் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒன்பதாம் நாள் எங்கள் பானையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. நாக்கு வறண்டுபோய் அவரிடம் போனேன். 'தாத்தா, குடிக்கத் தண்ணி கிடைக்குமா?' எழுந்து போய் ஒரு செம்பில் கொண்டுவந்தார். வாய் வைத்தே குடித்தேன். குடித்து முடிக்கும்வரை நின்றவர், செம்பை வாங்கிக்கொண்டுதான் பேசினார். 'மண்ண எல்லாம் கரை ஓரத்துலயே போட்டிருக்கீங்களே தம்பி, மொதத் தண்ணியில பாதி உள்ள சரிஞ்சிடும். கரைக்கு அந்தாண்ட தள்ளணும். அப்புறம், அந்த வளைவுல அவ்வளவு ஆழம் வெட்டக் கூடாது. மட்டம் இறங்கிட்டா மேட்டு வயல் மடைக்குத் தண்ணி ஏறாது.'

ஒன்பது நாள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. புரிய வெகுநாள் ஆனது. தண்ணீர் வாங்கிக் குடித்ததும் நான் அவர் வீட்டுக்கு வந்த பிள்ளை ஆகிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிள்ளை தப்பு செய்தால் சொல்லலாம். எங்கிருந்தோ வந்து, தெற்குத் தெரு நீராகாரத்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்களிடம் யார் போய்ச் சொல்வார்கள்?

நீங்கள் தங்கிய ஊருக்கு ஆதிரெங்கம் தூரமில்லை. நெல் ஜெயராமன் அங்கே நெல் திருவிழா நடத்துவார். பாரம்பரிய விதைநெல் இரண்டு கிலோ கொடுப்பார்கள், அடுத்த ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். காசு வாங்கிக்கொண்டு கொடுத்திருந்தால் உறவு அன்றோடு முடிந்திருக்கும். கடன்பட்டவர் அடுத்த வருஷம் மூட்டையோடு வந்துதான் ஆக வேண்டும். வந்தால், மாப்பிள்ளைச் சம்பா சாய்ந்ததா, மழைக்குத் தாங்கியதா என்று பேசித்தான் ஆக வேண்டும். ஜெயராமன் 2018இல் காலமாகிவிட்டார். அவர் திரட்டிய 174 ரகங்களும் பரவ வழி செய்தது இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

எட்டுப் பேர், பதினான்கு நாள், அந்த ஊரில் ஒரு டம்ளர் மோருக்குக்கூடக் கடன்படாமல் திரும்பியிருக்கிறீர்கள். பாரம் பாரம் என்கிறீர்களே, நம் ஊரில் வாசலுக்கு வந்தவர் கை நனைக்காமல் போவதுதான் பாரம். ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொண்டு, தெற்குத் தெருவில் தொடங்கிப் பழைய சோறு கேட்டிருந்தால், குளத்துக்குத் தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறது, எங்கே அடைத்திருக்கிறது, யாருக்கும் யாருக்கும் அதில் தகராறு என்று மூன்றே நாளில் தெரிந்திருக்கும். உங்கள் பக்கத்தில் நின்று கூடை பிடிக்கவும் ஆள் வந்திருக்கும்.

திட்டுகிறேன் என்று வருத்தப்படாதீர்கள். விடுப்பையெல்லாம் சேற்றில் செலவழித்துவிட்டு, அதற்கு அர்த்தம் உண்டா என்று தூக்கமில்லாமல் யோசிக்கிற பிள்ளைகளிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த கோடை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பாமணியில் தண்ணீர் வந்ததும் ஒரு சனி ஞாயிறு போய் வாருங்கள். குளம் ஏறியதா என்று பாருங்கள். சமையல்காரர் வேண்டாம், கேன் வேண்டாம். அந்தக் குளக்கரை அம்மா கட்டாயம் கேட்பார். 'இன்னும் இல்லம்மா' என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்காருங்கள்.