டல்லாஸ் மகளின் பிரீமியம்

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். என் மகள் டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் இருக்கிறாள். மருமகன் இரண்டு வருடம் முன்பு கம்பெனி வேலையை விட்டுவிட்டு, இட்லி மாவு அரைத்து விற்பது, விசேஷங்களுக்குச் சாப்பாடு செய்து கொடுப்பது என்று சொந்தத் தொழில் ஆரம்பித்தார். இரண்டு பிள்ளைகளோடு நான்கு பேர் குடும்பம். கிரீன் கார்டு இருக்கிறது. வருமானம் வருடத்துக்கு 1,30,000 டாலர் என்று கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். 'ஒபாமாகேர்' மூலமாக மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறார்கள். போன வருடம் மாதம் 920 டாலர் கட்டினார்களாம். இந்த ஜனவரியிலிருந்து 1,910 டாலராம். "கவர்ன்மென்ட் உதவியை நிறுத்திட்டாங்கம்மா. இதுக்காக 43 நாள் ஆபீஸெல்லாம் முடங்கிக் கிடந்தும் ஒண்ணும் நடக்கல" என்று போனில் அழுகிறாள். கட்டாமல் விட்டுவிடலாமா என்று மருமகன் யோசிக்கிறார். இங்கே முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் ஆபரேஷனே நடக்கிறது. அவ்வளவு பணக்கார நாட்டில் ஏன் இப்படி?
(பெயர் வேண்டாம், குடியாத்தம்)

பதில்: இந்தப் பக்கத்தை மூடியதும் முதல் வேலையாக மருமகனுக்குப் போன் போடுங்கள் அம்மா. கட்டாமல் மட்டும் விட வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே பிரீமியம் கட்டாததால் காப்பீடு போனால், அதைக் காரணம் காட்டி நடுவில் மறுபடி சேர முடியாது. அடுத்த நவம்பரில் பதிவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஜனவரியில்தான் அது நடைமுறைக்கு வரும். அரசு உதவி வாங்குகிறவர்களுக்கு நிலுவையைக் கட்ட மூன்று மாதம் அவகாசம் உண்டு. உதவி இல்லாதவர்களுக்குப் பொதுவாக ஒரு மாதம்தான். உங்கள் மகள் இப்போது இரண்டாவது வகையில் இருக்கிறாள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் தம்பி. சத்துவாச்சாரியில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். 2022-ல் அவன் குடும்ப பாலிசியின் பிரீமியம் 14,000 ரூபாயிலிருந்து 19,500 ஆனது. "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்க்கா" என்றான். 30 நாள் அவகாசமும் ஓடிப்போய் பாலிசி காலாவதி ஆனது. ஐந்தாவது மாதம் ஒரு ராத்திரி நெஞ்சு வலி, ஆஞ்சியோ, இரண்டு ஸ்டென்ட். பில் 2,40,000 ரூபாய். நான் அப்போது இதே வேலூரில் ஒரு மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் உட்கார்ந்து, எங்கிருந்தோ ரயிலேறி வந்தவர்களுக்கெல்லாம் கேஷ்லெஸ் அப்ரூவல் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கூடப் பிறந்தவனுக்கு அனுப்ப ஒரு பாலிசி எண் இல்லை. வளையலை அடகு வைத்துத்தான் டிஸ்சார்ஜ் செய்தோம். அவன் 19,500 ரூபாய் பெரிசு என்று நினைத்தது தப்பே இல்லை, அது பெரிசுதான். ஆனாலும் இருபத்தாறு வருடம் அந்த மேசையில் நான் பார்த்தவரை, பாலிசியை விட்டுவிட்டு நிம்மதியாக இருந்த குடும்பம் எனக்கு நினைவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் முதலமைச்சர் காப்பீட்டில் நீங்கள் பிரீமியம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. 2012 ஜனவரியில் புதுப் பெயரோடு விரிவானது. ஆட்சி மாறியது, பெயர் மாறியது, ஆனால் பிரீமியத்தை அரசே காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டுகிற ஏற்பாடு அப்படியே நின்றது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை. இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறித் தொட்டும் அணைக்காமல் விட்ட விளக்கு இது. எனக்கு அதில் பெருமைதான்.

அமெரிக்காவில் வழி வேறு. 2010-ல் ஒபாமா கையெழுத்திட்ட 'ஒபாமாகேர்' சட்டப்படி, கம்பெனியில் காப்பீடு கிடைக்காதவர்கள் அரசு நடத்தும் சந்தையில் தனியார் பாலிசியைத் தாங்களே வாங்க வேண்டும். வருமானத்தைப் பார்த்து பிரீமியத்தில் ஒரு பகுதியை அரசு வரிச் சலுகையாகக் கட்டும். அந்த உதவிக்கு ஒரு வரம்பு இருந்தது: வறுமைக் கோடு என்று அவர்கள் வைத்திருக்கும் தொகையின் நான்கு மடங்கு. அதற்கு மேல் ஒரு டாலர் போனாலும் உதவி சுழி. கொரோனா நேரத்தில், 2021-ல், அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். நடுத்தரமான ஒரு பாலிசிக்கு யாரும் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டாம் என்றார்கள். 1,30,000-க்கு 8.5 சதவீதம் போட்டுப் பாருங்கள், வருடம் 11,050 டாலர். மகள் மாதம் கட்டிய 920 அங்கிருந்து வந்ததுதான்.

இந்தக் கூடுதல் உதவிக்கு முதலில் இரண்டு வருட ஆயுள்தான் கொடுத்தார்கள். 2022-ல் இன்னொரு சட்டம் போட்டு 2025 டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். நிரந்தரமாக்கவில்லை. நிரந்தரமாக்கினால் பத்து வருடத்தில் சுமார் 35,000 கோடி டாலர் செலவு என்று 2025-ல் அவர்களுடைய நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் கணக்குச் சொன்னது. அவ்வளவு பெரிய எண்ணை ஒரே சட்டத்தில் எழுத யாருக்கும் துணிவில்லை. ஒரு குடும்பத்தின் மருந்துச் செலவுக்கு முடிவு தேதி போட்டு வைத்தால், அந்தத் தேதி வரும்போது பேரம் நடக்கத்தான் செய்யும். தேதியைப் போட்டவர்கள் ஜனநாயகக் கட்சிக்காரர்கள், அது கடக்கும்வரை விட்டவர்கள் குடியரசுக் கட்சிக்காரர்கள். நான் இரண்டு பேரையும்தான் குறை சொல்வேன்.

2025 அக்டோபர் 1-ம் தேதி அரசு முடங்கியது இந்தப் பேரத்தில்தான். அவர்களுடைய நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் 100 இடங்கள். செலவு மசோதா நிறைவேறாவிட்டால் அங்கே அரசு அலுவலகங்கள் முடங்கும், அதை நகர்த்த 60 வாக்கு வேண்டும். குடியரசுக் கட்சியிடம் 53 இருந்தது. உதவியை நீட்டினால்தான் வாக்கு என்றது ஜனநாயகக் கட்சி. முதலில் அரசைத் திறப்போம், உதவியைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றது குடியரசுக் கட்சி. இது கொரோனா காலத்துக்கென்று கொடுத்தது, பணம் காப்பீட்டுக் கம்பெனிகளுக்குத்தான் போகிறது, போலிப் பதிவுகளும் இருக்கின்றன என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. போலிப் பதிவு இருந்தால் அதைப் பிடிக்கட்டும். அதற்காக மாவு அரைத்து விற்கிற குடும்பத்துக்கு ஏன் மாதம் 990 டாலர் ஏற வேண்டும்?

முடக்கம் 43 நாள் நீடித்தது. அதுவரை அந்த நாட்டு வரலாற்றிலேயே இதுதான் நீளமானது. நவம்பர் 12-ல் முடிந்தது, டிசம்பரில் ஒரு வாக்கெடுப்பு நடத்துவோம் என்ற வாக்குறுதியோடு. டிசம்பர் 11-ம் தேதி அதுவும் நடந்தது. மூன்று வருடம் நீட்டச் சொன்ன ஜனநாயகக் கட்சி மசோதா, பணத்தை மக்களின் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் போடச் சொன்ன குடியரசுக் கட்சி மசோதா, இரண்டும் அதே நாளில் 60-ஐத் தொடாமல் விழுந்தன. ஜனவரி 8-ல் பிரதிநிதிகள் சபை மூன்று வருட நீட்டிப்பை நிறைவேற்றியது. குடியரசுக் கட்சியிலிருந்தே 17 பேர் ஆதரித்தார்கள். ஆனால் செனட்டும் சேர்ந்தால்தான் சட்டம். அதற்குள் புது வருட பிரீமியம் பில் வீடு வந்து சேர்ந்துவிட்டது.

இப்போது உங்கள் மகள் வீட்டுக் கணக்கு. நான் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தது இதற்காகத்தான். பழைய வரம்பு திரும்பிவிட்டது. இந்த வருடக் காப்பீட்டுக்கு நான்கு பேர் குடும்பத்தின் வரம்பு 1,28,600 டாலர். அவர்கள் வருமானம் 1,30,000. அம்மா, வெறும் 1,400 டாலர்தான் தாண்டியிருக்கிறது!

வரம்புக்குள் வந்தால் அந்த நடுத்தர பாலிசிக்கு வருமானத்தில் 9.96 சதவீதம் கட்டினால் போதும். வருடம் 12,800 டாலர் சுமார், அதாவது மாதம் 1,070. போன வருடத்தைவிடக் கூடத்தான். ஆனால் 1,910 எங்கே, 1,070 எங்கே? சொந்தத் தொழில் செய்கிறவர் தன் குடும்பத்துக்குக் கட்டும் காப்பீட்டு பிரீமியத்தை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஓய்வுகாலத்துக்கென்று சில கணக்குகளில் போடும் தொகையும் அப்படிக் கழியும். 1,30,000 என்பது இவையெல்லாம் கழித்த பிறகு வந்த எண்ணா, கழிக்கும் முன்பா? அதை அங்கே வரிக் கணக்குப் பார்ப்பவரிடம் இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள். வருமானம் உள்ளே வருமானால் சந்தையின் இணையதளத்தில் திருத்திக் கொடுக்கலாம். வருடம் முடிந்து வரி தாக்கல் செய்யும்போதும் உதவியைக் கேட்டு வாங்கலாம். அதற்கு பாலிசி அந்தச் சந்தை வழியாக எடுத்ததாக இருக்க வேண்டும். 'வெளியே கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது' என்று தாவிவிட்டால் இந்த வழி அடைபடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வரம்புக்குள் வருவோம் என்று சொல்லி மாதாமாதம் உதவி வாங்கிவிட்டு, தீபாவளி ஆர்டர் நன்றாக வந்து வருமானம் தாண்டிவிட்டால், வாங்கியதெல்லாவற்றையும் திருப்பிக் கட்ட வேண்டும். முன்பு குறைந்த வருமானக்காரர்கள் திருப்பிக் கொடுப்பதற்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டத்தால் இந்த வருடத்திலிருந்து அதுவும் யாருக்கும் இல்லை. அதனால் மாதாமாதம் கணக்கு எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

வரம்பு என்பது நமக்கும் புதிதில்லை. பேரணாம்பட்டிலிருந்து பீடி சுற்றும் ஓர் அம்மா, கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்தார். வருமானச் சான்றிதழில் 1,26,000 என்று இருந்தது. யாரோ எங்கோ போட்ட எண். ஆறாயிரம் ரூபாய்க்காக அந்த அம்மா திரும்பிப் போய், மறுபடி விண்ணப்பித்து, ஏழு வாரம் ரத்தப்போக்கோடு காத்திருந்து வந்தார். காசநோய்க்காரர் மாதிரி வெளுத்துப் போயிருந்தார். அந்த முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. உங்கள் மகளின் 1,400 டாலரைப் பார்த்தபோது அந்த ஆறாயிரம் ரூபாய்தான் நினைவுக்கு வந்தது.

கேள்வி: 2025 செப்டம்பர் 22 முதல் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை என்றார்கள். என் பிரீமியம் 18 சதவீதம் குறையவே இல்லையே? எனக்கு 64 வயது.
(ஓய்வுபெற்ற தோல் ஷாப் மேஸ்திரி, ராணிப்பேட்டை)

பதில்: ஐயா, ரசீதை எடுத்து இரண்டு எண்களைத் தனித்தனியாகப் பாருங்கள்: அடிப்படை பிரீமியம் எவ்வளவு, வரி எவ்வளவு. தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு வரி சுழியாக இருக்க வேண்டும். கம்பெனியோ சங்கமோ எடுத்துக் கொடுத்த குரூப் பாலிசியாக இருந்தால் இந்த விலக்கு கிடையாது. வரி போயும் மொத்தம் குறையவில்லை என்றால் அடிப்படை பிரீமியம் ஏறியிருக்கிறது. 60 வயது தாண்டியவர்களுக்கு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால் ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்துதான் ஏற்ற வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. அதற்கு மேல் ஏறியிருந்தால் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், வாயால் வேண்டாம்.

இந்த வரி விலக்கே எவ்வளவு இழுபட்டது தெரியுமா? 2024 ஜூலையில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பரில் அமைச்சர்கள் குழு போட்டார்கள். டிசம்பர் ஜெய்சால்மர் கூட்டத்தில் தள்ளிவைத்தார்கள். 2025 செப்டம்பர் 3-ல்தான் முடிவானது. அதுவரை நூறு ரூபாய்க்குப் பதினெட்டு ரூபாய் நாம் கட்டிக்கொண்டுதான் இருந்தோம். மேலே உள்ள குடியாத்தம் அம்மாவின் கடிதத்தையும் படியுங்கள், ஊர்தான் வேறு.

கேள்வி: ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை. இந்த மாதம் சம்பளம் 21,400 ஆகிவிட்டது. இஎஸ்ஐ உடனே நின்றுவிடுமா? மனைவி ஏழு மாதம்.
(ஆம்பூர்)

பதில்: உடனே நிற்காது தம்பி. வரம்பு 21,000-தான், ஆனால் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான காலத்தின் நடுவில் தாண்டினால் மார்ச் 31 வரை பிடித்தம் தொடரும். அந்தச் சந்தாவுக்கான பலன் வரும் ஜூலை முதல் டிசம்பர் வரை உண்டு. இந்த மாதச் சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நாளைக்கே எச்.ஆரிடம் கேளுங்கள். மனைவி பெயர் உங்கள் இஎஸ்ஐ அட்டையில் ஏறியிருக்கிறதா என்பதையும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.